கரண்ட் ஊசியில் துடித்த விரல்: ஸ்ட்ரோக், அக்குபஞ்சர், எங்கள் வீட்டு அனுபவம்

திண்டுக்கல் மகள்:

அப்பாவுக்கு 67 வயது. போன ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் பல் தேய்க்கப் போனவர், கையிலிருந்து நழுவி விழுந்த பிரஷ்ஷை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். என்னங்க என்று அம்மா கேட்டதற்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு ஏதோ குழறினார். பித்தம் ஏறியிருக்கும், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி 108-க்கு அடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அப்போதுதான் அம்மா மெதுவாகச் சொல்கிறார், முந்தின ராத்திரியே கை மரத்துப்போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார் என்று. ஊசி போடவில்லை.

இடது பக்க மூளையில் அடைப்பு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். மறுநாளிலிருந்து வாசலில் ஆலோசனைக் கூட்டம்தான். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார் ஒருவர் (அப்பா பேச்சு வராமலே இடது கையை ஆட்டி வேண்டாம் என்றார், நினைவு அவ்வளவு தெளிவு). உடம்பில் சில குறிப்பிட்ட இடங்களில் ஊசி குத்தும் அக்குபஞ்சரைப் பாருங்கள் என்றார் சித்தப்பா.

முதலில் போன இடத்தில் ஊசியே இல்லை. நாடி பார்த்தார், காலில் ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தார், கழிவு தேங்கியிருக்கிறது, எல்லா மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள் என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன், தொடவே இல்லை. தம்பி அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டான்.

இரண்டாவது இடம் வேறு மாதிரி. யோகா, இயற்கை மருத்துவம் ஐந்தரை வருஷம் படித்த டாக்டரம்மா. ரத்தம் உறையாமல் இருக்க என்ன மாத்திரை போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். எதையும் நிறுத்தக் கூடாது, பிசியோவை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று சொன்ன பிறகுதான் ஊசி டப்பாவையே திறந்தார். முடி மாதிரி மெல்லிய ஊசி. உச்சந்தலையில் ஒன்று, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் ஒன்று, முழங்கையில், முழங்காலுக்குக் கீழே என்று பத்துப் பன்னிரண்டு. அப்புறம் அதில் நான்கில் கிளிப் மாட்டி, ஒயர் வழியாக லேசாகக் கரண்ட். அப்பாவின் ஆள்காட்டி விரல் தானாகத் துடித்தது, டக் டக் டக் என்று. ஆறு வாரமாக மரக்கட்டை மாதிரி கிடந்த விரல். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

அன்று சாயங்காலம் பிசியோ தம்பியிடம் பூரிப்பாகச் சொன்னால் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அக்கா, அது கரண்ட் அசைச்சது. அப்பா அசைக்கலை" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

பிறகுதான் புரிந்தது. மூளையில் செத்த இடம் செத்ததுதான். சுற்றி உயிரோடு இருக்கும் பகுதி அந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும், அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று, ஆறு மாதத்தில்தான் வேகமாக நடக்கிறது. அந்த நேரத்தில் யார் எதைச் செய்தாலும் ஆள் கொஞ்சம் தேறித்தான் வருவார், கடைசியாகக் கை வைத்தவருக்குப் பேர் போய்விடும். தம்பி மெடிக்கல் ரெப், அவன் தேடிப் படித்துச் சொன்னான்: எலிக்கு மூளை ரத்தக்குழாயை அடைத்துவிட்டுக் கரண்ட் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள், நரம்பு வளர உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடியிருக்கிறது. மனிதர்கள் விஷயத்தில் 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 31 ஆய்வுகளை, 2257 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பலன் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் நம்பிச் சொல்லும்படி இல்லை என்று முடித்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயாளிக்குத் தெரியாமல் பொய் ஊசி (நிஜ ஊசி மாதிரி ஒரு பாவனை) போடுவதே பெரிய பாடு, அதனால் ஒப்பிடுவதும் கஷ்டம் என்றான்.

நாங்கள் 24 தடவை போனோம், தடவைக்கு 400 ரூபாய். தோள்பட்டை வலி குறைந்தது, தூக்கம் வந்தது. மடங்கி இறுகியிருந்த விரல்கள் ஊசி போட்ட அன்று இளகும், மறுநாள் காலை மறுபடி இறுகிவிடும். மூன்றாம் மாதம் வாக்கர் பிடித்து நடந்தார். அது எதனால் என்று சூடம் அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் எப்படி?

கரூர்க்காரன்:

நீங்கள் வண்டியைத் திருப்பிவிட்டீர்கள் சகோதரி, நாங்கள் திருப்பவில்லை. அம்மாவுக்கு முதல் ஸ்ட்ரோக் லேசாகத்தான் வந்தது, கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். இதே மாதிரி ஒரு இடத்தில் பிரஷர் மாத்திரை விஷம் என்றார்கள், அம்மாவுக்கும் மாத்திரை என்றாலே கசப்பு, சந்தோஷமாக விட்டுவிட்டார். ஐந்தாவது வாரம் மூளையில் ரத்தக் கசிவு. மாத்திரையை விடச் சொன்னவருக்குப் போன் போட்டேன், உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, பயப்படாதீர்கள் என்றார். அதற்கு மேல் எழுத வரவில்லை. அம்மா இப்போது படுக்கையில்தான்.

உட்லண்ட்ஸ் அக்கா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே சீன வைத்தியர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சும்மா யாரும் ஊசி குத்திவிட முடியாது. என் வீட்டுக்காரருக்குக் கை கால் பரவாயில்லை, பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரியும், பதில் சொல்ல வார்த்தை வராது. இதில் ஒரு வினோதம், பஜனைப் பாட்டு ஆரம்பித்தால் கூடவே முழுசாகப் பாடுவார், ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. ஸ்பீச் தெரபி நடந்துகொண்டிருக்கும்போதே சின்சேயிடம் (சீன வைத்தியர்) போனோம், தலையில் பக்கவாட்டில் ஊசி. அந்த ஊசியோடேயே அரை மணி நேரம் படம் காட்டிப் பேர் சொல்லவைப்பார், சும்மா படுக்க விடமாட்டார். சீனாவில் இப்படிப் பேச்சு போன 252 பேரை வைத்து ஒரு ஆய்வு 2024-இல் வெளியானது, எல்லாருக்கும் பேச்சுப் பயிற்சி உண்டு, பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பேருக்குப் பொய் ஊசி. நிஜ ஊசிக்காரர்கள் கூடுதலாகத் தேறியிருக்கிறார்கள். என் மகள் காட்டியதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு. அவர் முதலில் சொன்ன வார்த்தை "சாவி". எந்தச் சாவி என்று இன்று வரைக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் பிசியோ:

மேலே சொன்ன பிசியோ நான் இல்லை, ஆனால் அதே பதிலைத்தான் நானும் சொல்லியிருப்பேன், அதற்காக என்னிடமும் இரண்டு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். ஊசிக்கு நான் எதிரி இல்லை. ஊசி போட்டுவிட்டு வருபவர்களுக்குக் கை இளகியிருக்கும், வலி குறைவாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செய்வார்கள். என் ஆதங்கம் வேறு. ஊசிக்குப் பணம் கட்டி ஆட்டோ பிடித்துப் போகும் வீடுகளில், அதுதான் ஊசி போட்டாச்சே என்று மற்ற நேரம் முழுக்க ஆளைக் கட்டிலில் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் கை வேலைக்கும் அன்றாடக் காரியங்களுக்கும் அக்குபஞ்சரைப் பரிந்துரைக்கவில்லை, விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு மட்டும் கூடவே செய்து பார்க்கலாம் என்கிறது. வசதி இல்லாதவர்கள் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கேளுங்கள், பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கு வரும், பிசியோவும் வருவார். திண்டுக்கல் அக்கா, அந்த விரல் இப்போது எப்படி இருக்கிறது?

திண்டுக்கல் மகள்:

கரூர் அண்ணா, படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசியோ தம்பி, எங்கள் பிசியோ புளியங்கொட்டை கொடுத்திருக்கிறார், ஒரு தட்டில் நாற்பது. வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த தட்டில் போட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கொட்டைக்கே கால் மணி நேரம், சட்டை நனைந்துவிடும். கரண்ட் ஊசிக்குப் போவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது, கொட்டையை நிறுத்தவில்லை. நேற்று பதினேழு வந்தது. பதினெட்டாவது கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது, எடுத்துத் தரத் தாமதம் என்று என்னைத் திட்டினார். வார்த்தை எல்லாம் தெளிவாகவே வந்தது.