அப்பாவின் 2011 கம்ப்யூட்டர்: பழுது பார்ப்பதா, தூக்கிப் போடுவதா?

காசிமேட்டுக்காரன்:
வீட்டில் 2011-ல் வாங்கிய கோர் ஐ3 பெட்டி, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. அப்பா படகுக் கணக்கு முழுவதையும், டீசல், ஐஸ், ஆள் கூலி எல்லாம், அதில்தான் எக்செலில் வைத்திருக்கிறார். ஒரு மாதமாக மூன்று தொல்லை. கரண்ட் போய் வந்தால் தேதி 2011 ஜனவரிக்குப் போய்விடுகிறது, அப்புறம் எந்த வலைத்தளமும் திறப்பதில்லை. சில நாள் காலையில் திரையே வராமல் பீப் பீப் என்று கத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்து தானாக மறுபடி ஏறுவது மூன்றாவது. கடையில் காட்டினால் மூடியைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பெரம்பூர் பிக்சல்:
வாங்கிவிடுங்கள் ப்ரோ. விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே கைகழுவிவிட்டது, அதற்கான குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-ம் 2025 அக்டோபரோடு முடிந்தது. 11 போடலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், உங்களுடையது இரண்டாம் தலைமுறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அதுவரை ஓட்ட வேண்டுமென்றால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில், டிஸ்க் முறை பழைய ஐடிஇ என்று இருப்பதைப் புதிய ஏஹெச்சிஐ ஆக்குங்கள், கொஞ்சம் வேகம் வரும்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:
வயிற்றுவலி என்று வந்தவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற கதையாக இருக்கிறது. தம்பி, தேதி பின்னால் போவது போர்டில் வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததால். 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ஐம்பது ரூபாய்கூட ஆகாது. தளம் திறக்காததும் அதனால்தான்: கம்ப்யூட்டர் 2011-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் தளங்கள் காட்டும் இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் "இன்னும் நடப்புக்கே வராத" சான்றிதழ்தானே, உலாவி மறுக்கத்தான் செய்யும். பீப் பெரும்பாலும் ரேம். உங்கள் ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே மிஞ்சுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அந்தப் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி, 'டிக்' என்று இரண்டு பக்கமும் பூட்டும்வரை அழுத்துங்கள்.

காசிமேட்டுக்காரன்:
பேட்டரி மாற்றினேன், தேதி நிற்கிறது. ரேம் தேய்த்த பிறகு பீப் இல்லை. ஆனால் பிக்சல் சொன்னபடி ஏஹெச்சிஐ மாற்றினேன், இப்போது நீலத்திரை, 0x0000007B என்று வருகிறது. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:
இதைத்தான் சொல்வது! ஐடிஇ முறையில் ஏற்றிய விண்டோஸ் 7-ல் ஏஹெச்சிஐ டிரைவர் முடங்கிக் கிடக்கும். முதலில் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டில் அதை எழுப்பிவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். பதறாதீர்கள், திரும்ப ஐடிஇ வையுங்கள், ஏறிவிடும். பிக்சல் சார், கணக்கு வைத்திருக்கும் பெட்டியில் சோதனை பண்ணச் சொல்வது நியாயமா?

பெரம்பூர் பிக்சல்:
அது என் தப்பு, சரி. ஆனால் இத்தனை பேசிய நீங்கள், கணக்கை முதலில் பென்டிரைவில் எடுத்து வை என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஹார்ட் டிஸ்க் அது. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள் ப்ரோ, மஞ்சள் காட்டினால் பேட்டரி, ரப்பர் எல்லாம் வீண்.

எண்ணூர் எலக்ட்ரீஷியன்:
இரண்டு பேரும் மூன்றாவது தொல்லையை விட்டுவிட்டீர்களே. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எப்போது அணைகிறது, மிக்ஸி ஓடும்போதா?

காசிமேட்டுக்காரன்:
ஐடிஇ வைத்தேன், ஏறிவிட்டது. கணக்கை இரண்டு பென்டிரைவில் எடுத்தாயிற்று, டிஸ்க் நீலம்தான் காட்டுகிறது. சுருக்கென்று இருக்கும் அண்ணா, நாங்கள் செருப்பு போட்டுக்கொண்டுதான் தொடுவோம். மிக்ஸி போட்டால் அணைவதும் உண்மை.

எண்ணூர் எலக்ட்ரீஷியன்:
செருப்பு வைத்தியமா! அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும், மிக்ஸி இழுக்கும் ஒரு நொடித் தாழ்வைக்கூடத் தாங்காது. மல்டிமீட்டரில் அதன் மஞ்சள் ஒயர் 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இருந்தாலும் நம்பாதீர்கள், அந்த நொடித் தாழ்வு மீட்டரில் தெரியாது. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதுதான் வழி. பழசைப் பிரிக்காதீர்கள், பிளக் பிடுங்கினாலும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

காசிமேட்டுக்காரன்:
எர்த் இழுத்தாயிற்று. நண்பன் வீட்டு எஸ்எம்பிஎஸ் மாட்டி நான்கு நாள். மிக்ஸி ஓடுகிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது.

பெரம்பூர் பிக்சல்:
சந்தோஷம். விண்டோஸ் 7 அப்படியே இருக்கிறதே? பேங்க் கணக்கு அதில் திறப்பீர்களா? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்டாவது போடுங்கள்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:
பேங்க் வேண்டாம், அதில் பிக்சல் கட்சிதான் நான். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கணக்கு மட்டும் எழுதட்டும்.

காசிமேட்டுக்காரன்:
மின்ட் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். கணக்கைத் திறந்தால் டீசல் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தாகக் கன்னாபின்னா என்று இருக்கிறது, அப்பா "என் கணக்கைக் கெடுத்துட்டியா" என்று எழுந்தே போய்விட்டார்.

பெரம்பூர் பிக்சல்:
கெடவில்லை ப்ரோ, பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதில் ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் கொடுத்திருப்பார்கள், எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலமாகத்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து மின்ட்டில் நிறுவுங்கள், தமிழ் வந்துவிடும்.

காசிமேட்டுக்காரன்:
வந்துவிட்டது. அப்பா இன்னும் பக்கத்தில் வரவில்லை.