மே மாசத்தில் ரெண்டு ராத்திரி டென்ட்: ஏலகிரியா, ஏற்காடா?

பெரம்பூர்க்காரன்:
எனக்கும் மனைவிக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்திருக்கிறது, அதுவும் சரியாக அக்னி நட்சத்திரத்தில். வெள்ளி முதல் ஞாயிறு வரை. கல்யாணமாகி ரெண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து போனதெல்லாம் குலதெய்வக் கோயிலும் மற்றவர்கள் கல்யாணமும்தான். டென்ட்டில் தூங்க வேண்டும், காலையில் மூணு நாலு மணி நேரம் மலையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கார் இல்லை. ஏலகிரி கிட்டத்தில் இருக்கிறதே என்று பார்க்கிறேன். காட்டுக்குள் நாமே டென்ட் போட விடுவார்களா? நண்பன் ஒருத்தன் டென்ட் தருகிறேன் என்கிறான், பையில் ‘டூ பெர்சன்’ என்று போட்டிருக்கிறது.

மலைக்கிறுக்கன்:
காட்டுக்குள் வேண்டவே வேண்டாம் ப்ரோ. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்து போனார்கள், அதற்கப்புறம் மலையேற்ற விதிகள் இன்னும் இறுகிவிட்டன. வனத்துறை 2024-ல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்கில் திறந்தது, கூடவே வழிகாட்டி வருவார், ஆனால் அது நடைக்கு மட்டும். டென்ட் போட தனியார் எஸ்டேட், ரிசார்ட் இடம்தான்.

ஏலகிரி எனக்குப் பிடிக்கும், ஆனால் மே மாசத்துக்கு இல்லை. உயரம் 1,100 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஏழு டிகிரி குறையும், கீழே ஜோலார்பேட்டையில் 40 அடித்தால் மேலே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மத்தியானம் டென்ட் இட்லிப் பானை ஆகிவிடும். ஏற்காடு 1,500. ராத்திரி சென்ட்ரலில் ரயில் ஏறினால் விடிவதற்குள் சேலம், அங்கிருந்து பஸ், 20 கொண்டை ஊசி வளைவு. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை காலையில் நடங்கள், ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும், காபித் தோட்டங்களை ஒட்டிப் போகும் ரோடு. பத்து மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். கோடை விழா எந்தத் தேதி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் ஏரிப்பக்கம் தி.நகர் மாதிரி இருக்கும்.

அடையாறு அக்கா:
இந்த ஆண்கள் யாரும் கேட்காத கேள்வி: பாத்ரூம் டென்ட்டிலிருந்து எவ்வளவு தூரம், ராத்திரி அங்கே லைட் எரியுமா? புக் பண்ணும் முன் போன் போட்டு உங்கள் மனைவியையே கேட்கச் சொல்லுங்கள் தம்பி.

டூ பெர்சன் என்றால் ரெண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுக்கலாம் என்று அர்த்தம், பைகள் வெளியேதான். மூணு பேர் சைஸ் வாங்குங்கள்.

மே மாசம் சாயங்காலம் இடி மழை வரும். நாங்கள் போனபோது என் வீட்டுக்காரர் சமதரை என்று ஒரு பள்ளத்தில் போய் டென்ட் அடித்தார். நான் சொன்னேன், கேட்கவில்லை. ராத்திரி பதினொன்றுக்குப் பாய்க்கு அடியில் குளுகுளுவென்று இருக்கிறது, கை வைத்தால் தண்ணீர். வெளியே விட்டிருந்த செருப்பு காலையில் நாலு காபிச் செடி தள்ளிக் கிடந்தது, ஒன்றுதான், இன்னொன்று இன்றுவரை கிடைக்கவில்லை. மேடான இடம், ஆனால் தனி மரத்தடி கூடாது, மின்னல். மழை பெய்தால் நடக்கும்போது அட்டையும் ஏறும், உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப் போங்கள்.

நாமக்கல்:
எங்கள் ஊர்க் கொல்லிமலையை யாருமே சொல்லவில்லையே! 70 வளைவு, வயிறு காலியாக ஏறுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும், இறங்குவது சுகம், வெயிலில் திரும்பி ஏறுவதுதான் விஷயம். மே மாசத்தில் தண்ணீர் கம்மி, அதனால் உங்களுக்கு இந்தத் தடவை ஏற்காடே சரி. ஆடி மாசம் இங்கே வாங்க.

பெரம்பூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஏற்காடு முடிவாகிவிட்டது. பாத்ரூம் கேள்வியை மனைவியே கேட்டாள், முதல் ரெண்டு இடம் அதிலேயே அடிபட்டுப் போனது.

மலைக்கிறுக்கன்:
நண்பர் டென்ட்டை இன்றைக்கே மொட்டை மாடியில் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். மேலே போடும் மழை ஷீட் இருக்கிறதா?

பெரம்பூர்க்காரன்:
இப்போதுதான் விரித்தேன். ஷீட் இருக்கிறது. கம்பி ஒன்று இல்லை. அந்த மூலையை மனைவி துணி காயப்போடும் கொடியில் கட்டிவிட்டு, ‘ஏற்காட்டுக்குக் கொடியையும் தூக்கிக்கொண்டு போகலாமா’ என்கிறாள். நாளைக்கு மூணு பேர் டென்ட் பார்க்கக் கடைக்குப் போகிறோம்.