ராவே செமஸ்டர் வேலைக்கு உதவுமா?

பவானி_செந்தில்:
தம்பி பி.எஸ்சி. வேளாண்மை நான்காம் ஆண்டு. இந்த செமஸ்டர் முழுக்க ராவே, அதாவது ஊரக வேளாண் பணி அனுபவம். ஒரு கிராமத்தில் தங்கியிருக்கிறான். 20 கிரெடிட், தியரியே கிடையாது. அடுத்த செமஸ்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான், காளானோ தேனீயோ வளர்த்து விற்க வேண்டுமாம். வங்கித் தேர்வு எழுதப் போகிறவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் ஒரே பேச்சு.

கணக்குப்பிள்ளை:
வீட்டில் சொல்வது நியாயம்தான். நான் வங்கியில் வேளாண் கள அலுவலர். எங்கள் பேட்சில் ராவே என்றால் பேனரைப் பிடித்து ஒரு போட்டோ, மறுநாள் நாளிதழில் ‘வேளாண் மாணவர்கள் செயல்விளக்கம்’ என்று இரண்டு பத்தி. அதை வெட்டி ஒட்டினால் ரெக்கார்டு முடிந்தது. தேர்வில் கேட்பது உழவியலும் மண்ணியலும் பூச்சியியலும், கூடவே ரீசனிங், கணக்கு. அதற்கு உட்கார்ந்து படிக்க நேரம் வேண்டும்.

விதைநெல்:
தேர்வு உள்ளே விடும் சார். அப்புறம்? கிசான் கிரெடிட் கார்டு பயிர்க்கடனுக்கு ஆய்வு செய்யப் போகிறீர்கள். பயிர்க் கணக்கான அடங்கலில் நெல் என்று இருக்கும், வயலில் வாழை நிற்கும். பயிர் செய்கிறவர் ஒருவர், நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா இன்னொருவர் பெயரில். நான் ராவேயில் கோலமாவால் ஊர் வரைபடம் போட்டேன். அங்கிருந்த பெண்கள் என் கோட்டை அழித்துவிட்டு, வாய்க்கால் தண்ணீர் எதுவரை வரும், எங்கே நின்றுபோகும் என்று திருத்திப் போட்டார்கள். இன்று வேளாண்மை அலுவலராக ஒரு ஊருக்குப் புதிதாகப் போனால் முதலில் அதைத்தான் விசாரிக்கிறேன். இதை எந்த கைடில் படிப்பது?

கணக்குப்பிள்ளை:
அடங்கலையும் வாழையையும் புரொபேஷனில் மேலாளர் கூட்டிப்போய்க் காட்டினார் மேடம். அதுவும் சம்பளத்தோடு! அதே பாடத்தை ஃபீஸ் கட்டி ஏன் கற்க வேண்டும்?

ஆனைமலைத்_தோப்பு:
பிள்ளைகள் வந்து நிற்பது எங்கள் தோப்பில்தான், நானும் சொல்கிறேன். வருஷா வருஷம் தென்னை டானிக் செயல்விளக்கம். மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேரில் கட்டணும். எனக்கே மனப்பாடம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் ஓலையில் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ வந்தபிறகு ஓலையெல்லாம் கறுத்துக் கிடந்த காலத்திலும் டானிக்தான்! ஒரு பேட்ச் மட்டும் வேறு மாதிரி. மஞ்சள் ஒட்டும் பொறி கட்டினார்கள், வாராவாரம் வந்து ஓலையைத் திருப்பிப் பார்த்துக் குறித்தார்கள். மருந்து அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி செத்துவிடும் என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் மல்லுக்கு நின்றார்கள். அவர்களுக்குக் கொடுத்த பட்டியலில் இது இல்லையாம், பார்த்துவிட்டு அவர்களாகச் செய்தது.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, நீங்கள் என் கட்சி. நல்ல பேட்ச் ஒன்று, மற்றதெல்லாம் டானிக்.

விதைநெல்:
அவர் ராவேயை நிறுத்தச் சொல்லவில்லையே. எத்தனை செயல்விளக்கம் செய்தாய் என்று எண்ணி மார்க் போட்டால் போட்டோதான் மிஞ்சும். ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்துக் கடைசிவரை பின்தொடர்ந்தானா என்று பார்த்துப் போடட்டும். செந்தில், காளான் செமஸ்டரை வீட்டில் இளக்காரமாகப் பேச விடாதீர்கள். காளான் வித்து இருக்கும் விதைப்புட்டி வாங்குவதிலிருந்து விற்காத காளானை என்ன செய்வது என்பதுவரை அவன் தலையில்தான் விழும். லாபத்தில் மாணவர்களுக்குப் பங்கும் உண்டு.

பவானி_செந்தில்:
தம்பியிடம் கேட்டேன். ஊர் முழுக்க மஞ்சள் பயிராம், பட்டியலில் முதல் செயல்விளக்கம் தென்னை டானிக்காம். இனி என்ன செய்யச் சொல்வது?

விதைநெல்:
மஞ்சளில் கிழங்கழுகல் நோய் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் அதையே எடுக்க வழிகாட்டி ஆசிரியரிடம் இப்போதே கேட்கட்டும். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
கேட்கட்டும். ஆனால் மாலை 6 மணிக்கு மேல் கிராமத்தில் என்ன வேலை? தினமும் அந்த நேரத்தில் ரீசனிங் போடச் சொல்லுங்கள்.

விதைநெல்:
6 மணிக்கு மேல்தான் சார் விவசாயி வீட்டில் இருப்பார்.