வயிறு கல்லாகக் கிடக்கும்போது சி.டி. ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கலாமா?

பென்னாகரத்தான்:
பெரியப்பாவுக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி. பக்கத்து அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்து, அல்சர் ஓட்டையாகி, குடலைச் சுற்றியிருக்கும் வயிற்று உறை முழுக்க அழற்சி என்று சொல்லி அன்றிரவே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார், அது வேறு விஷயம். சி.டி. எடுக்காமலே வயிற்றைத் திறந்தது சரியா? சேலம் போயிருந்தால் முதலில் ஸ்கேன்தான் எடுத்திருப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அரூர் நர்ஸ்:
அண்ணா, அந்த நிலைமையில் தொப்பூர் கணவாயைத் தாண்டி சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறீர்களா? நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஈரலுக்கு மேலே கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தால் குடலில் இருந்த காற்று வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். வயிறும் கல்லாக இறுகியிருந்தால், இதற்கு மேல் ஸ்கேன் என்ன சொல்லப் போகிறது? நேரம் போகப் போக உள்ளே சீழ்தான் பரவும்.

ஓசூர் ஸ்கேன்காரன்:
என்ன சொல்லப் போகிறதா? எங்கே ஓட்டை என்று சொல்லும். இரைப்பையா, குடல்வாலா, டைபாய்டில் பொத்துக்கொண்ட சிறுகுடலா என்று தெரிந்தால் சர்ஜன் எங்கே கீறுவது என்று முடிவு செய்யலாம். எக்ஸ்ரே நாலைந்து பேரில் ஒருவருக்காவது காற்றைக் காட்டாமல் ஏமாற்றும். சி.டி.யில் சின்னக் குமிழி கூடப் பெரும்பாலும் தப்பாது, உறை தடித்திருப்பது, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருப்பது, எங்கே நீர் கட்டியிருக்கிறது என்பது எல்லாமே தெரியும். அப்புறம் கணைய அழற்சியும் இதே மாதிரி வலியோடுதான் வரும், அதற்குப் போய் அவசரமாக வயிற்றைத் திறந்தால் அந்த ஆள் கதி என்ன?

அரூர் நர்ஸ்:
கணையத்துக்கு ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும் சார். பிரஷர் 80க்கு இறங்கின ஆளை ஸ்கேன் மேஜையில் ஏற்றினால் அங்கேயே நாடி விழுந்துவிடலாம். கிட்னி நிலைமையைச் சொல்லும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வரட்டும், ஸ்கேனில் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி போடலாம் என்று உட்கார்ந்திருக்க அப்போது நேரம் ஏது?

பாலக்கோடு மருந்துக்கடை:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு ஓட்டையே இல்லாமல் அந்த நீரில் கிருமி புகுந்து அழற்சி வரும். அதை எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. ஊசியால் நீரை எடுத்து நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250ஐத் தொட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். வேலை ஊசிக்குத்தான், மெஷினுக்கு இல்லை.

பென்னாகரத்தான்:
சரி, டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே காற்று, வயிறு இறுக்கம் என்று எழுதியிருக்கிறது. லைபேஸ் நார்மல்.

ஓசூர் ஸ்கேன்காரன்:
அப்படியென்றால் உங்கள் பெரியப்பாவுக்கு நானும் ஸ்கேன் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் 70 வயது, சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை என்று இருப்பவருக்கு உள்ளே சீழ் பிடித்திருந்தாலும் வயிறு மெத்தென்றுதான் இருக்கும். அவரை வாயுப் பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பினால் சண்டைக்கு வருவேன்.

அரூர் நர்ஸ்:
வாங்க சார். பிரஷர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நானே தள்ளிக்கொண்டு வருகிறேன்.