மறு: விண்மீனுக்குப் ‘பருமன்’ வேண்டாம், ‘மங்கெண்’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம். விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்ணை (magnitude) ‘பருமன்’ என்பதற்குப் பதிலாக ‘மங்கெண்’ எனலாமா என்று கேட்டிருந்தேன். வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

‘பருமன்’ பழகிய சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சேருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழகியதுதான் இங்கே தொல்லை. எங்கள் பிள்ளைகள் உயர்தரத்துப் பௌதிகவியலில் காவியின் (அளவும் திசையும் உள்ள கணியம், vector) பருமனைப் படித்துவிட்டுத்தான் வானியல் அறிமுக வகுப்புக்கு வருகிறார்கள். அங்கே பருமன் கூடினால் கணியமும் கூடும். பருமன் ஒருபோதும் மறையாக வராது. அதே பிள்ளையிடம் இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியசின் பருமன் சய 1.46 (அதாவது −1.46), துருவ நட்சத்திரத்தின் பருமன் 2 என்று சொன்னால், துருவம்தான் பிரகாசமானது என்று எழுதிவைக்கும். அதுவரை படித்ததை ஒழுங்காகப் படித்த பிள்ளை வேறெப்படி எழுதும்?

தலைகீழாக எண்ணும் வழக்கம் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தொலமி ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்களைப் பட்டியலிட்டபோது, மிகப் பிரகாசமானவற்றை முதலாம் வகுப்பிலும் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிந்தவற்றை ஆறாம் வகுப்பிலும் போட்டார். 1856இல் ஆங்கிலேய வானியலாளர் பொக்சன் இதற்குக் கணக்கு ஒன்றைக் கட்டினார்: ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும். அப்படியென்றால் ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. கணக்கு வந்ததும் பழைய முதலாம் வகுப்பு போதாமல் போயிற்று. சிரியஸ் பூச்சியத்துக்கு அப்பால் போனது, முழுநிலவு சய 12.7க்கும் சூரியன் சய 26.7க்கும் போயின.

கல்முனை மிஸ் சொன்ன ‘ஒளித்தரம்’ இந்த வரலாற்றோடு நன்றாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. முதல் தரம் என்றால் மேலானது என்பது சந்தைக்கே தெரியும். ஆனால் இலங்கையில் தரம் என்றதும் பிள்ளைக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூட வகுப்புத்தான். தரம் ஒன்றிலிருப்பது சின்னப்பிள்ளை, தரம் ஆறு அண்ணன். மறுபடி தலைகீழ்! அதோடு ‘சய 1.46ஆம் தரம்’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள், மிஸ்.

சென்னை நண்பரின் ‘ஒளிப்பொலிவெண்’ காதுக்கு அழகு. இருந்தாலும் பொலிவெண் 8 என்றால் பொலிவெண் 2ஐ விடப் பொலிவு கூட என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பருமனில் இருந்த அதே கோளாறு, கொஞ்சம் அலங்காரத்தோடு.

அதனால்தான் ‘மங்கெண்’ என்று கேட்கிறேன். மங்கு + எண், சுட்டெண் போல. எண் கூடக்கூட மங்கல். வசனத்தில் வைத்துப் பார்ப்போம். ‘யுரேனசின் மங்கெண் 5.7, நெப்டியூனின் மங்கெண் 7.8, வெறுங்கண் ஏறத்தாழ 6 வரைதான் பிடிக்கும்.’ யுரேனஸ் நல்ல இருட்டில் மட்டுமட்டாகத் தெரியும், நெப்டியூனுக்குத் தொலைநோக்கி வேண்டும் என்பது விளக்கமில்லாமலே விளங்குகிறது. மட்டக்களப்பு கல்லடியில் பாலத்து வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்த 6ம் கிடையாது என்பது வேறு கதை.

‘சூரியனுக்குப் போய் மங்கெண்ணா?’ என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, சொல் அந்த இடத்தில் கொஞ்சம் நெளியத்தான் செய்கிறது. ஆனால் அது சய 26.7 மங்கெண். மங்கலே மறையாகிவிட்டது என்றால் பிரகாசத்துக்கு வேறென்ன சாட்சி? சிரியசோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 25 படிக்குச் சற்று மேல். நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் சூரியனுடையது சுமார் 1300 கோடி மடங்கு. பிள்ளைகள் மடக்கை போட்டு இதை எடுக்கும்போது குறியில் பிசகாமல் இருக்கச் சொல்லே உதவும்.

அப்புறம், ‘மங்கு’ என்றால் மங்குசனி ஞாபகம் வருகிறது என்று பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். வரட்டும் ஐயா. சனிக்கோளின் மங்கெண்ணையும் அதே வகுப்பில்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

இனி அடைமொழி. கண்ணுக்குத் தெரிவதைத் ‘தோற்ற மங்கெண்’ எனலாம், இதில் யாருக்கும் சண்டை இல்லை. எல்லா விண்மீனையும் 10 பாசெக், அதாவது 32.6 ஒளியாண்டு தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் கிடைக்கும் எண்ணுக்குத் ‘தனி மங்கெண்’ என்பதே என் விருப்பம். தனிப்பூச்சியம் (absolute zero), தனி வெப்பநிலை எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ‘முழுமை மங்கெண்’ வேண்டாம். மங்கல் முழுமையாகிவிட்டது போலக் கேட்கும்.

இந்த இரண்டையும் விளக்க எங்கள் ஊர் வானத்தில் கைவசம் ஒரு சோடி உண்டு. மாசி மாத முன்னிரவில் தெற்கே பார்த்தால் உயரத்தில் சிரியஸ், அதற்குக் கீழே அகத்தியர் (கனோபஸ்) விண்மீன். மட்டக்களப்பில் அகத்தியர் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 30 பாகை வரை ஏறும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது தலைகாட்டவே காட்டாது. தோற்ற மங்கெண் சிரியசுக்குச் சய 1.46, அகத்தியருக்குச் சய 0.74. சிரியஸ் முந்துகிறது. ஆனால் அது 8.6 ஒளியாண்டில் நிற்கிறது, அகத்தியர் ஏறத்தாழ 310 ஒளியாண்டில். தனி மங்கெண் கணித்தால் சிரியசுக்கு நேர் 1.4, அகத்தியருக்கு ஏறத்தாழச் சய 5.6. உண்மையில் அகத்தியர் அறுநூறு மடங்குக்கு மேல் ஒளி வீசுகிறது. நம் சூரியனை அந்த 10 பாசெக் தூரத்தில் வைத்தால் தனி மங்கெண் 4.8, ஊர் வெளிச்சத்துக்குள் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

வேறு மறுப்பு இல்லையென்றால் பாடக்குறிப்பில் ‘மங்கெண்’ என்றே போடுகிறேன். பரீட்சைத்தாளில் ‘பருமன்’ வந்தால் பிள்ளைகள் தடுமாறக்கூடாது, ஆகவே முதல் தடவை மட்டும் ‘மங்கெண் (பருமன்)’ என்று இருக்கும்.

அடுத்துப் பெயர் வேண்டியது, நீல வடிகட்டியில் எடுத்த மங்கெண்ணிலிருந்து பச்சை-மஞ்சள் வடிகட்டியில் எடுத்ததைக் கழித்தால் வரும் எண். திருவாதிரைக்கு அது 1.85, ரைஜெல் என்ற விண்மீனுக்குப் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. ‘நிறச்சுட்டி’ என்று வைத்திருக்கிறேன். எண் கூடினால் சிவப்பு என்பதை இந்தச் சொல் சொல்லவில்லை. உங்களிடம் வேறு இருந்தால் எழுதுங்கள்.