மாமாவோட 74 ஸ்ட்ராட் கிட்டார்: அப்படியே விக்கிறதா, சரி பண்ணி விக்கிறதா?

கோடம்பாக்கம்_மருமகன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா மெல்லிசைக் குழுவுல 30 வருஷத்துக்கு மேல லீட் கிட்டார் வாசிச்சவரு, போன வருஷம் தவறிட்டாரு. அவரோட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் இப்ப என்கிட்ட இருக்கு. கப்பல்ல வேலை பாத்த ஒருத்தர்கிட்ட இருந்து 1979ல வாங்கினதுன்னு அத்தை சொல்றாங்க, பில்லு எதுவும் கிடையாது. அத்தைக்கு இப்ப பணம் தேவை, அதனால விக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு, அத மாத்தச் சொல்லாதீங்க.

பெரிய ஹெட்ஸ்டாக் (தலைப்பகுதி), நெக்க (கைப்பிடி) மூணு போல்ட்ல பிடிச்சிருக்கு, நெக் பிளேட்ல 6 இலக்க நம்பர். பிக்கார்டத் (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) திறந்து பாத்தா ஒரு பாட் (வால்யூம், டோன் திருகு) மேல 137 7412ன்னு இருக்கு. மாமா பண்ண வேலைங்க இது: சன்பர்ஸ்ட் (ஓரம் கருத்து நடு வெளுத்த) பெயிண்ட சுரண்டி எடுத்துட்டு மர வார்னிஷ் அடிச்சிருக்காரு, பிரிட்ஜ் பக்கம் டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் (தந்தி சத்தத்த வாங்கற காந்தச் சுருள்) போடறதுக்கு மரத்த உளியால குடைஞ்சிருக்காரு, ட்யூனர் ஆறும் மாத்தினது, சுவிட்ச் மாத்தினது, ஃப்ரெட் ரெண்டு தடவ மாத்தியிருக்கு. பழைய பிரிட்ஜ் பிக்கப் ஒரு பிஸ்கட் டின்ல இருக்கு, மீட்டர் வச்சா ஒண்ணும் காட்டல.

தெரிஞ்ச ஒருத்தர் 35 ஆயிரம் குடுத்தா பள்ளத்த அடைச்சு, திரும்ப சன்பர்ஸ்ட் அடிச்சு புதுசு மாதிரி ஆக்கித் தரேன்றாரு. குடுக்கலாமா? அப்புறம் நாலரை லட்சம் கேக்கலாம்னு இருக்கேன், பிங்க் ஃப்ளாய்ட் குழு டேவிட் கில்மரோட கருப்பு ஸ்ட்ராட் எவ்ளோ வெட்டி ஒட்டினது, அதுவே 2019ல கிறிஸ்டிஸ் ஏலத்துல 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சே.

பழைய_ஆல்னிகோ:
தம்பி, மாமா போனதுக்கு வருத்தங்கள். முதல்ல விலையப் பேசிடுவோம். கில்மர் கிட்டார் அந்த விலைக்குப் போனது வெட்டினதால இல்ல, வெட்டினவரு கில்மர்ன்றதால. காலர் ட்ரெமலோன்ற தந்தி ஆட்டுற பிரிட்ஜ் போடறதுக்கு பாடிய குடைஞ்சு பின்னாடி அடைச்சாங்க, நெக் எத்தன தடவ மாறுச்சு, அத்தனையும் படம் படமா பதிவாகியிருக்கு, எந்த ரெக்கார்டுல எந்த நெக்குன்னு சொல்ல ஆளு இருக்கு. எரிக் கிளாப்டனோட பிளாக்கிய எடுத்துக்கோங்க, மூணு பழைய ஸ்ட்ராட்டப் பிரிச்சு நல்ல பாகமா பொறுக்கி ஒண்ணா சேத்தது, 2004ல 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலர். அதே மாதிரி மூணப் பிரிச்சு நான் ஒண்ணு சேத்தா வெறும் பாக விலைதான். ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

வெளிநாட்டுச் சந்தைல பழைய கணக்கு ஒண்ணு உண்டு, ஒரிஜினல் பெயிண்ட் போச்சுன்னா ஏறக்குறைய பாதி விலை. உங்களுக்கு அதுக்கு மேல மரமும் வெட்டுப்பட்டிருக்கு. ரெண்டு லட்சத்துக்குள்ள நினைச்சுக்கிட்டா நல்லது. ஆனா 35 ஆயிரம் செலவு பண்றத நான் ஆதரிக்கிறேன். ஒரிஜினல் பெயிண்ட் எப்பவோ போயாச்சு, இனிமே காப்பாத்த என்ன இருக்கு? அந்தக் காலத்து கலர்ல ஒழுங்கா அடிச்ச கிட்டார் படத்துல பாக்கவே நல்லாருக்கும், வார்னிஷ் அடிச்சது பழைய மேஜை மாதிரி இருக்கும், அத வாங்கறவன் ரெண்டு தடவ யோசிப்பான்.

உளி_சத்தம்:
நான் 22 வருஷமா கிட்டார் ரிப்பேர் பண்றேன், இந்த மாதிரி வேலை என் மேஜைக்கும் வரும், செஞ்சா எனக்கு காசு. அப்படியிருந்தும் சொல்றேன், அடிக்காதீங்க.

வாங்கறவனுக்கு மரம் தெரியணும். இப்ப தெரியுது. எங்க ஒட்டுன கோடு, எங்க உளி போச்சு, நெக் பாக்கெட் (நெக் உக்கார்ற குழி) ஓரத்துல கீறல் இருக்கா இல்லயா, எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. மேல பெயிண்ட் போட்டுட்டா அவ்ளோதான், 74 நெக்கோட நேத்து செஞ்ச பாடி இருக்கோன்னு சந்தேகப்படுவான், சந்தேகம் வந்தா விலையக் குறைப்பான் இல்லன்னா ஓடிடுவான். உங்க 35 ஆயிரம் அங்கேயே கரைஞ்சுரும்.

இன்னொன்னு, 74ல ஃபெண்டர்ல அடிச்சது கனமான பாலியெஸ்டர், 68ல இருந்தே அந்தப் பழக்கம் வந்துருச்சு. இங்க உங்களுக்கு அடிச்சுத் தரப்போறது கார் பட்டறை பாலியூரித்தேன். அது ஒரிஜினல் மாதிரியும் இருக்காது, பழசு மாதிரியும் இருக்காது.

ஆல்னிகோ அண்ணே, மேஜை மாதிரின்னு சொன்னீங்க. 70கள் கடைசில பாதிப் பேரு அததான் செஞ்சாங்க, பெயிண்ட எடுத்துட்டு மர நிறம், பிரிட்ஜ்ல டிமார்சியோ, பித்தள நட். மெட்ராஸ்ல அந்த காலத்துல ஒருத்தர் வாரப் பத்திரிகை ஃபோட்டோ பாத்து உளியால அந்த வேலைய செஞ்சிருக்காருன்னா அத நான் பாழ் பண்ணினதா பாக்கல.

பழைய_ஆல்னிகோ:
மனசுக்கு ஒத்துக்கறேன், மார்க்கெட்டுக்கு ஒத்துக்க மாட்டேன். அத்தைக்கு பணம் வேணும்னு தம்பி சொல்றாரு, நீங்க வரலாறு சொல்றீங்க. 20 ஆயிரம் கூட வந்தாலும் அது அவங்களுக்கு முக்கியம்.

நாஞ்சில்_கார்ட்:
நான் நாகர்கோயில் பக்கம், சர்ச்சுல வாசிக்கிறேன். வித்தவன் கதை எல்லாரும் பேசுறிய, வாங்கினவன் கதைய ஒருத்தரும் பேசலியே. ஆறு வருஷம் முந்தி ஒரு கிட்டார் வாங்கினேன், எல்லாமே ஒரிஜினல்னு சொல்லித்தான் தந்தான், சீட்டு புடிச்ச பணம் அம்புட்டும் போட்டேன். ஒரு வருஷம் கழிச்சு ரிப்பேருக்கு குடுத்தப்ப பிக்கார்டுக்கு அடியில ரெண்டு கலர் பெயிண்ட், ஒண்ணு மேல ஒண்ணு. வித்தவன்ட்ட கேட்டா அவனுக்கும் தெரியாதுங்கான், அவன் வாங்கினவன்ட்ட கேக்கச் சொல்லுதான். யாரும் பொய் சொல்லலன்னு வச்சுக்குவோம், ஆனா முதல்ல அடிச்சவனுக்குத் தெரியும்லா? அவன் சொல்லித்தான் குடுத்திருப்பான், ரெண்டாவது ஆளு பாதி சொல்லியிருப்பான், மூணாவது ஆளு ஒண்ணும் சொல்லல. தம்பி, நீங்க உண்மைய சொல்லித்தான் விப்பிய, சந்தேகமே இல்ல. ஆனா அந்த சன்பர்ஸ்ட் அடிச்ச கிட்டார் உங்க வார்த்தைய கூட எடுத்துட்டுப் போவாது. வார்னிஷோட இருந்தா அது தானே சொல்லிரும்.

பழைய_ஆல்னிகோ:
நாஞ்சில் சொன்னது எனக்கு உறைக்குது. ஆனா அதுக்கு வழி இருக்கு, பாக்கெட்டுக்குள்ள, பிக்கார்டுக்கு அடியில வருஷம் போட்டு "மறு பெயிண்ட்"ன்னு எழுதி வச்சுடலாம், நல்ல பட்டறைங்க அப்படித்தான் செய்றாங்க.

நாஞ்சில்_கார்ட்:
எழுதினத சுரண்டி எடுக்க ஒரு பிளேடு போதும் அண்ணே.

ஸ்காபரோ_தந்தி:
நான் டொரண்டோவில இருக்கிறன். இங்க இப்பிடியான கிட்டாரை "பிளேயர் கிரேட்" எண்டு தனியா வகைப்படுத்தித்தான் விக்கினம், அதை வாங்கிறதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம், ஏனெண்டால் முழு ஒரிஜினலை வாங்கினால் மேடைக்குக் கொண்டுபோகப் பயம், இதைப் பயப்பிடாமல் வாசிக்கலாம். அயர்லாந்து கிட்டார்காரர் ரோரி கலகரின்ரை 61 ஸ்ட்ராட்டைப் பாருங்கோ, பெயிண்ட் முக்காவாசி உரிஞ்சு வெறும் மரம், 2024 ஒக்டோபரில லண்டன் பொன்ஹாம்ஸ் ஏலத்தில 8 லட்சம் பவுண்ஸுக்கு மேல போனது. அது கலகர் எண்டதால எண்டு ஆல்னிகோ அண்ணை சொல்லுவார், சரி, ஆனால் ஃபெண்டர் கம்பனியே 95ல இருந்து புதுக் கிட்டாரை வேணுமெண்டே தேய்ச்சுப் பழசாக்கி கூடின காசுக்கு விக்கேல்லையோ? ஆக்களுக்குத் தேய்ஞ்ச மரம் பிடிக்கும். இந்த மாமாவின்ரை கை பட்டுத் தேய்ஞ்ச இடத்தை ஏன் மூடவேணும்?

தம்பி, ஃப்ரெட்போர்ட் என்ன மரம்? ரோஸ்வுட் எண்டால் 2017 ஜனவரியில இருந்து 2019 நவம்பர் வரைக்கும் எல்லை தாண்டி விக்கிறதுக்கு சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தம்) பேப்பர் எல்லாம் வேண்டியிருந்தது, இப்ப செய்து முடிச்ச வாத்தியத்துக்கு விலக்கு குடுத்திட்டினம், பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இல்லை. 74 எண்டால் இந்திய ரோஸ்வுட்டாத்தான் இருக்கும்.

கோடம்பாக்கம்_மருமகன்:
ரோஸ்வுட்தான் அண்ணே, விரல் பட்டு பட்டு முதல் அஞ்சு ஃப்ரெட்டுக்கு நடுவுல குழியா இருக்கு. இந்திய ரோஸ்வுட்னா நம்ம ஈட்டி மரமா?

உளி_சத்தம்:
ஆமா, ஈட்டின்னும் சொல்லுவாங்க தோதகத்தின்னும் சொல்லுவாங்க, நீலகிரி பக்கம் வளர்ற அதே ஜாதி. நம்ம மலை மரம் கலிஃபோர்னியா போய் கிட்டாராகி கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து சேந்திருக்கு, எனக்கு ஒவ்வொரு தடவையும் இது மனசத் தொடும். அந்தக் குழிய எவனையும் சமப்படுத்த விடாதீங்க.

இப்ப பிஸ்கட் டின் விஷயத்துக்கு வாங்க, உங்களுக்கு காசு அங்கதான் இருக்கு. மீட்டர்ல ஒண்ணும் காட்டலன்னா காயில் அறுந்திருக்கு, ஆனா எங்க அறுந்திருக்குன்றது முக்கியம். அந்தக் கம்பி 42 கேஜ், தலமுடி மாதிரி மெலிசு, கடல் காத்துல பச்சப் புடிச்சு பெரும்பாலும் அடில சோல்டர் பண்ற கண்ணு இருக்குல்ல, அங்கதான் விட்டுப்போகும். அங்க விட்டிருந்தா ஒரு சுத்து அவுத்து திரும்ப ஒட்டிடலாம், முழுசா சுத்தத் தேவையில்ல. நடுவுல அறுந்திருந்தா தொடாதீங்க, அறுந்தபடியே டின்னோட குடுத்துருங்க, வாங்கறவன் முடிவு பண்ணட்டும். அந்த காந்தக் குச்சிங்க ஒரே உயரத்துல இருக்கா, ஏத்த இறக்கமா இருக்கா?

கோடம்பாக்கம்_மருமகன்:
ஏத்த இறக்கமாத்தான் இருக்கு.

பழைய_ஆல்னிகோ:
அப்ப நல்ல சேதி. 74 வாக்குல வரைக்கும்தான் ஏத்த இறக்கம், அப்புறம் சமமாக்கிட்டாங்க. உங்க பாட்ல 137ன்னா சிடிஎஸ் கம்பெனி, 74 வருஷம், 12 வாரம். ரெண்டும் ஒத்துப்போகுது. பாட் தேதிய மட்டும் நம்பக்கூடாது, ஃபெண்டர் 66ல வாங்கிக் குவிச்ச பாட்ட பல வருஷம் போட்டுக்கிட்டே இருந்தாங்க, அதனால பாட் சொல்றது "கிட்டார் இதுக்கு முன்னாடி செஞ்சது இல்ல"ன்னு மட்டும்தான். அந்தப் பாட்ல பழைய சோல்டர் கலையாம இருக்கான்னு கிட்ட வச்சு ஒரு ஃபோட்டோ எடுங்க. நெக் அடில முத்திரை இருந்தா அதையும்.

ஆக, திரும்ப மாத்தக்கூடியது, மாத்த முடியாததுன்னு பிரிச்சா, பிக்கப், சுவிட்ச், பிக்கார்ட் எல்லாம் முதல் வகை, ட்யூனர் கூட பழைய மாடல் போட்டா ஓட்ட பொருந்தும். உளிப் பள்ளம் பிக்கார்டுக்கு அடில மறைஞ்சுடும். பெயிண்ட் ஒண்ணுலதான் நமக்குள்ள சண்டை.

ஸ்காபரோ_தந்தி:
பிக்கார்ட் மாத்தினாலும் பள்ளத்தை விளம்பரத்தில கட்டாயம் சொல்லவேணும், மறைஞ்சிட்டுது எண்டு விடக்கூடாது.

பழைய_ஆல்னிகோ:
அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

கோடம்பாக்கம்_மருமகன்:
நேத்து உளி அண்ணனோட பட்டறைக்கு டின்ன எடுத்துட்டுப் போனேன். கண்ணுகிட்டதான் விட்டிருந்துச்சு, லென்ஸ் மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்து ஒட்டினாரு, மீட்டர்ல 5.7 கிலோ ஓம் காட்டுச்சு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

அத்தைகிட்ட பெயிண்ட் விஷயம் கேட்டேன். அந்த வார்னிஷ் அடிச்ச அன்னைக்கு மொட்ட மாடில காயப் போட்டிருந்தாராம், மழை வரும்போல இருந்துச்சுன்னு இவங்கதான் ஓடிப்போய் எடுத்தாங்களாம், பின்பக்கம் விரல் தடம் ஒண்ணு பதிஞ்சிருக்கு பாருன்னாங்க, இருக்கு. அடிக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. விளம்பரம் இப்படி எழுதியிருக்கேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

"1974 வாக்கில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பிளேயர் கிரேட், முழு ஒரிஜினல் இல்ல. பெயிண்ட் எடுத்து கையால வார்னிஷ் அடிச்சது. பிரிட்ஜ் பிக்கப் இடத்துல உளியால குடைஞ்சிருக்கு, ஃபோட்டோ இருக்கு. டிமார்சியோ இப்ப போட்டிருக்கு, ஒரிஜினல் பிக்கப் கூடவே தரப்படும், அடி முனைல சோல்டர் ரிப்பேர், காயில் புதுசா சுத்தல. ட்யூனர், சுவிட்ச், ரெண்டு பாட் மாத்தினது. ஃப்ரெட் ரெண்டு தடவ மாத்தினது. எடை 4.1 கிலோ. ஒரே ஆள் 1979ல இருந்து மேடைல வாசிச்சது, பில் இல்ல. 2 லட்சம்."

நாஞ்சில்_கார்ட்:
பின்பக்க விரல் தடத்துக்கும் ஒரு ஃபோட்டோ போடுங்க. அது மட்டும் விட்டுப்போச்சு.

பழைய_ஆல்னிகோ:
"74 வாக்கில்"ன்னு போட்டீங்களே, அது சரியான வார்த்தை. பெயிண்ட் விஷயத்துல என் கருத்து மாறல, இருந்தாலும் அத்தை சொன்னப்புறம் அதப்பத்தி பேச மாட்டேன். ஞாயித்துக்கிழம காலைல வந்து வாசிச்சுப் பாக்கலாமா? வாங்கினாலும் வாங்குவேன், ஆம்ப் நானே கொண்டு வரேன்.