பெரிய டயர் போட்ட பின் வளைவில் உரசலும் இழுப்பும்: உதவி தேவை

தேயிலைத்தளிர், நானுஓயா
வணக்கம். போன வாரம் என் ஜீப்புக்குப் பெரிய டயர்கள் நான்கு போட்டேன். அன்றிலிருந்து முன் சில்லுப் பக்கம் உரசும் சத்தம் கேட்கிறது. இறம்பொடை வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல வாகனம் தயங்கித் தயங்கி நகர்கிறது. மீட்டரில் ஒரு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. புதன்கிழமை அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

மலைப்பாதை
என்ன வாகனம், பழைய அளவு எது, புதிய அளவு எது, ரிம்மும் மாறியதா, அந்த விளக்கில் என்ன எழுதியிருக்கிறது? இவற்றைச் சொன்னால்தான் உதவ முடியும்.

கொத்மலைக்காரன்
சீவி ஜொயின்ட், அதாவது முன் சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டு, போயிருக்கும். தோட்டப் பாதையில் கல் பட்டு ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, வளைவில் இப்படித்தான் இழுக்கும். எனக்கு இரண்டு முறை நடந்தது. வேறு எதையும் தேட வேண்டாம்.

மூடுபனி
உறை கிழிந்தால் வளைவில் ‘டக் டக்’ என்ற சத்தம் வருமே தவிர, வாகனத்தைப் பிடித்து இழுக்காது. அவர் விவரம் சொல்லும் வரை பொறுப்போம்.

தேயிலைத்தளிர்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 2008 கிராண்ட் விட்டாரா, மெனுவல் கியர். முன்பு 225/70 ஆர் 16. இப்போது அதே ரிம்மில் 265/70 ஆர் 16. விளக்கில் 4எச் லொக் என்று இருக்கிறது. பெரிய சில்லுக்குக் கூடுதல் பலம் வேண்டும் என்று எண்ணி, டாஷ்போர்டில் உள்ள குமிழை நானே திருப்பி வைத்தேன்.

பட்டறைக்கணக்கு
டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரியாமல் டயர் மாற்றக் கூடாது என்று இங்கே பல முறை எழுதிவிட்டேன், தம்பி. இந்த முறையாவது கவனமாகக் கேளுங்கள். முதல் எண் மில்லிமீற்றரில் அகலம்; இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது; கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். உங்கள் பழைய டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 721 மில்லிமீற்றர், புதியது 777. ஆகவே டயரின் மேல்விளிம்பு மட்கார்டை 28 மில்லிமீற்றர் நெருங்கிவிட்டது. அகலத்திலும் இரு பக்கமும் 20 மில்லிமீற்றர் வீதம் கூடிவிட்டது. உரசாமல் என்ன செய்யும்? மேலும், 265 அகலத்துக்குக் குறைந்தது 7 அங்குல ரிம் வேண்டும், உங்களுடையது ஆறரை. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 65 இல் போகிறீர்கள்.

மலைப்பாதை
கணக்கு சரி, ஆனால் இழுப்புக்குக் காரணம் அந்தக் குமிழ். இந்த வாகனத்தில் 4எச் என்ற சாதாரண ஓட்ட நிலையிலேயே எப்போதும் நான்கு சில்லுகளுக்கும் பலம் போகிறது. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளை விட நீண்ட வட்டத்தில் ஓடுவதால், அந்த வேறுபாட்டை நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் (முன், பின் சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) ஈடுசெய்கிறது. லொக் போட்டால் அது பூட்டிக்கொள்ளும். சேற்றிலோ ஈரப் புல்லிலோ டயர் சற்று வழுக்கித் தன்னை விடுவித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் அதற்கு வழியில்லாததால், உள்ளே முறுக்கேறி வாகனம் இழுக்கிறது. இப்படியே ஓட்டினால் பற்சக்கரப் பெட்டிக்குக் கேடு. சமதரையில் நேராக நின்று, குமிழை 4எச் நிலைக்குத் திருப்பிச் சில யார் தூரம் நேராக ஓட்டுங்கள், விளக்கு அணைந்துவிடும். குறைவேகக் கியரோடு பூட்டும் 4எல் லொக்கும் வழுக்கும் செங்குத்துப் பாதைக்குத்தான்.

கொத்மலைக்காரன்
எதுவானாலும் மழைக்கு அகல டயர்தான் நல்லது. தரையில் அதிகம் பதிகிறதே.

மூடுபனி
தேங்கிய நீரில் வேகமாகப் போனால் அகல டயர்தான் முதலில் மிதக்கும். ஒடுங்கியது நீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும்.

கொத்மலைக்காரன்
எங்கள் தோட்டப் பாதையில் இருபதுக்கு மேல் யார் போகிறார்கள்? மிதப்பதற்கு வேகம் எங்கே?

மூடுபனி
அவர் போவது தோட்டப் பாதையில் இல்லை, கண்டி வீதியில். அகலத்தை விட டயரில் வெட்டியுள்ள பள்ளங்களின் ஆழத்தையும் காற்றழுத்தத்தையும் முதலில் பாருங்கள்.

மலைப்பாதை
தளிர், ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில்லு பெரிதானால் ஒவ்வொரு கியரும் சற்று உயர்ந்துவிடுவது போலாகும். ஏற்றத்தில் பலம் குறையும், இறக்கத்தில் இயந்திரம் பிடித்து நிறுத்துவதும் குறையும். அந்த வேலையும் பிரேக்கின் தலையில் விழும். இறம்பொடையிலிருந்து அம்மாவோடு இறங்கும்போது அது வேண்டாம். புதன்கிழமைக்கு முன் பழைய டயர்களையே போடுங்கள். பெரிது வேண்டுமென்றால் 235/70 ஆர் 16 போதும். விட்டத்தில் 14 மில்லிமீற்றர்தான் கூடும், உங்கள் ரிம்மிலும் பொருந்தும்.

தேயிலைத்தளிர்
நன்றி அண்ணா. குமிழைத் திருப்பியதும் இழுப்பு நின்றது. சில்லைக் கழற்றிப் பார்த்தபோது, மட்கார்டின் உள் பிளாஸ்டிக் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்து பளபளத்தது. டயரின் தோளிலும் ரப்பர் சீவப்பட்டிருந்தது. பழைய டயர்களோடு கண்டிக்குப் போய் வந்தோம், அம்மா நலம்.

மூடுபனி
அந்தப் பழைய டயர்களில் பள்ளம் எவ்வளவு மீதி இருக்கிறது?